ஊசி இணைக்கப்பட்டுள்ளது

நெலுங்கலை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு ஊசிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் அரத்தால் கீறப்பட்டிருந்தது. நோயாளிகளுக்கு அப்படி இலக்கம் எதுவும் கிடையாது. அவர்கள் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வருவார்கள், போவார்கள், சிலர் போகாமலே போய்விடுவார்கள். ஊசி அப்படியல்ல, அது அரசாங்கச் சொத்து.

அந்தப் பன்னிரண்டையும் கழுவும் சிற்றூழியன் மாரிசாமி. ஓர் ஊசி நாற்பது பேரைக் குத்திவிட்டு அவனிடம் வந்து சேரும். துவாரத்துக்குள் கம்பி விட்டு உறைந்த இரத்தத்தைத் தள்ள வேண்டும். மழுங்கிய முனையைச் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தீட்டியது போதுமா என்று தன் கட்டைவிரலில் குத்திப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொதிநீர். கொதித்த ஊசியைக் குத்திப் பார்த்தால் சுத்தம் கெட்டுவிடுமாம், அதனால் கொதிக்குமுன்பே குத்திப் பார்ப்பதுதான் அங்கே பழக்கம். நோயாளியின் சுத்தத்தில் ஆஸ்பத்திரி அவ்வளவு கண்டிப்பாக இருந்தது.

அவனுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவன் கணபதி. எட்டு வருஷம் கட்டைவிரலில் குத்திப் பார்த்தான். ஒரு நாள் கண் மஞ்சளாயிற்று, பிறகு மூத்திரம் தேயிலைச் சாயமாயிற்று, வயிறு பானையாயிற்று, கடைசியில் குடம் குடமாக இரத்த வாந்தி எடுத்துச் செத்தான். நஷ்டஈடு கேட்டு வந்த அவன் பெண்சாதியிடம், "கணபதி செத்தது ஈரலால. ஈரல் அவர்ட சொந்தச் சாமான். ஆஸ்பத்திரி குடுத்ததில்ல" என்று தலைமைக் கிளார்க் இப்றாஹீம் விளக்கி அனுப்பினார். அவரும் பொல்லாதவர் அல்ல. சாமான்களின் உரிமை விஷயத்தில் மட்டும் நியாயஸ்தர்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில், மழை வெளுத்துக் கட்டிய ஒரு காலையில், மேல்தோட்டத்திலிருந்து ஒருவனைச் சாக்குத் தொட்டிலில் தூக்கி வந்தார்கள். கண் இரண்டும் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. ஈரல் கெட்டு மூளைக்கு ஏறிவிட்டது. வந்ததும் வராததுமாகத் தூக்கி வந்தவர்களில் ஒருவனின் காதைக் கடித்தான், பெஞ்சை உதைத்து முறித்தான், சுவரில் தன் தலையைத் தானே மோதினான். நாலு பேர் அவனை அமுக்கினார்கள். மேட்ரன் ஸித்தி ஸுபைதா ஏழாம் நம்பர் ஊசியோடு பாய்ந்தார். ஊசி அவன் தொடைக்குள் இறங்கியது. அவன் எட்டி உதைத்ததில் வெளியே வந்தது. வந்த வேகத்தில் மாரிசாமியின் கட்டைவிரல் மேட்டில் கழுத்து வரைக்கும் இறங்கி நின்றது.

"அல்லாஹ்வே! ஏழாம் நம்பர்!" என்று அலறினார் மேட்ரன். "அசைக்காதீங்கொ மாரிசாமி! வளஞ்சிட்டா நான்தான் பதில் சொல்லோணும்."

"கை வலிக்குதுங்க மிஸ்ஸி."

"கை சொகமாகிரும். ஊசி வளஞ்சா நேராகாது."

இடுக்கியால் ஊசியை நோகாமல் எடுத்தார். நோகாமல் என்றது ஊசிக்கு. மாரிசாமியின் கையிலிருந்து இரத்தம் மணிக்கட்டு வழியாக வழிந்து, கீழே முரண்டு பிடித்தவனின் மார்பில் சொட்டியது. மேல்தோட்டத்துக்காரன் மத்தியானத்துக்குள் செத்துப்போனான். அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். ஊசி குத்தியதற்குத்தான் பத்திரம் மூன்று பிரதி.

கணபதி செத்த பிறகு, இனி ஒருவரும் அப்படிச் சாகக்கூடாதென்று கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஊசி குத்திய ஊழியர் ஒவ்வொருவரும் மூன்று பிரதியில் அறிக்கை தரவேண்டும். குத்திய ஊசியைக் கழுவாமல், இருந்த நிலையிலேயே, சான்றுப் பொருளாக இணைக்கவேண்டும். இணைக்காத அறிக்கை செல்லாது.

மாரிசாமி கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு காரியாலயத்தில் போய் நின்றான்.

"ஐயா, எனக்கு ரெண்டே விசயந்தாங்க. செத்தவனுக்கு இருந்தது கணபதிக்கு வந்த மாதிரியே ரத்தத்தால ஒட்டுற காமாலைங்க, பி வகைன்னு அப்பவே பதுளையில ஒரு டாக்குத்தர் சொன்னாரு. என் ரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பாத்துருங்க. வீட்டுல ஜெயலெட்சுமி முழுகாம இருக்கு, ரெண்டு மாசம். எனக்கு வந்தா அதுக்கு ஒட்டும், அதுகிட்ட இருந்து புள்ளைக்கு ஒட்டுமாம்."

"மத்த விசயம்?"

"கழுவுறதுக்கு ஒரு சோடி கையுறை குடுங்க."

இப்றாஹீம் சுவரோரத்துக் கண்ணாடி அலுமாரியை அன்போடு பார்த்தார். அதற்குள் இரண்டு சோடி தடித்த இறப்பர் கையுறையும், சீல் உடைக்காத புது ஊசிப் பொதி ஒன்றும் வெல்வெட் துணிமேல் கிடந்தன. வருஷா வருஷம் பரிசோதனைக்கு வரும் பெரியவர்கள் அவற்றைப் பார்த்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

"அத எடுத்தா பாவிச்ச கையுறை ஆகிரும். பாவிச்ச கையுறைய ஆருக்குக் காட்டுற? ரத்தம் அனுப்புறண்டா அனுமதி வேணும். அனுமதிக்கு பைல் போகணும். பைல் போறண்டா ஊசி இணைக்கணும்" என்றார்.

காரியாலயத்தில் குண்டூசி தீர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனால் இங்கே ஊசியே இருக்கிறதே! இப்றாஹீம் மூன்று பிரதிகளையும் அடுக்கி, ஏழாம் நம்பரை எடுத்து, இரத்தம் காயாத அந்த முனையால் மூன்றையும் சேர்த்து ஒரே குத்தாகக் குத்தினார். மூன்று தாளையும் தாண்டி அவர் ஆள்காட்டி விரலிலும் இறங்கிவிட்டது. "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துச் சப்பினார். சப்பிக்கொண்டே யோசித்தார். அவர் முகம் சட்டென்று கடமையில் பிரகாசித்தது.

"நானும் ஊழியன்தானே!"

தன் பெயரில் மூன்று பிரதி எழுதினார். அதற்கும் சான்றுப் பொருள் அதே ஊசி. முதல் பத்திரத்திலிருந்து உருவி, ஆறு தாளையும் சேர்த்துக் குத்தினார். இம்முறை நடுவிரல். மறுபடி மூன்று பிரதி. ஒன்பது தாள் தடித்துப் போனதால் பியோனைப் பிடிக்கச் சொன்னார். பியோனின் உள்ளங்கையில் இறங்கியது. பியோன் கையை உதறியதில் தட்டெழுத்துக்காரரின் கன்னத்தைக் கிழித்தது. தட்டெழுத்துக்காரர் பியோனை அறைந்தார், பியோன் கதிரையைத் தூக்கினான். இப்றாஹீம் இருவருக்கும் நடுவே புகுந்து, "அடிபடாதீங்கடா, பத்திரத்த நெரப்புங்கடா!" என்று கத்தினார். நாலு மணிக்குக் கோப்பு ஒரு செங்கல் தடிப்பாகிவிட்டது. அதன் ஓரங்கள் எல்லாம் சிவப்பு. ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் அழகான கையெழுத்தில், ஊசி இணைக்கப்பட்டுள்ளது.

அந்தக் கோப்பைப் பரிசீலிக்க ஊசிக்குத்துத் தடுப்புக் குழு கூடியது. தலைவர் பெரிய டாக்டர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். மேட்ரன் உபதலைவி, இப்றாஹீம் செயலாளர். மாரிசாமியைக் கதவருகே நிற்க வைத்தார்கள்.

டாக்டர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச பாருங்கோ, எங்கட ஆஸ்பத்திரியில அபாயம் எண்டு ஒண்டும் இல்லை. அபாயம் இருந்திருந்தால் நான் இஞ்ச வேலை செய்வனோ? இருபது வருஷமா நான் ஒரு ஊசி கழுவினதில்லை, எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லை. அப்ப ஊசியில பிழை இல்லை எண்டது நிரூபணம். கழுவுறவைக்குத்தான் வருத்தம் வருகுது. அப்ப பிழை எங்க? கழுவுறவையில!"

மேட்ரன் கை தட்டினார்.

"இன்னொண்டு. தோட்டத்து ஆக்களின்ர தோல் தடிப்பு. அட்டை கடிக்குது, தேயிலை வாது குத்துது, அவை ஒண்டும் சொல்லுறேல்லை. உப்பிடிப்பட்ட தோலுக்கு மேல ஒரு கையுறையைக் குடுக்கிறது, மழைக் கோட்டுக்கு மேல இன்னொரு மழைக் கோட்டு போடுற மாதிரி. எண்டாலும் நான் இரக்கமுள்ளவன். ஊழியரின்ர பாதுகாப்பு, இந்த ஆஸ்பத்திரியின்ர முதல்..."

முதல் என்ன என்பது ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று. அந்த இடத்தில் மேசையை ஓங்கி அறைவது டாக்டரின் வழக்கம். மேசைமேல் கோப்பு இருந்தது. ஏழாம் நம்பர் அவர் உள்ளங்கையில் ஏறிப் புறங்கை வழியாக எட்டிப் பார்த்தது. டாக்டர் பன்றி மாதிரி வீறிட்டார். கையைத் தூக்கினால் கோப்பும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கோப்போடு கையை வீசி வீசி உதறியதில் மேட்ரனின் வெள்ளைத் தொப்பியெல்லாம் இரத்தம். அதைப் பிடித்து இழுக்கப் போன மேட்ரனுக்கும் மணிக்கட்டில் ஒரு கீறல். அத்தனை அமளிக்கும் நடுவில் இப்றாஹீம் ஆறு வெற்றுப் பத்திரங்களை எடுத்து வைத்தார்.

மாரிசாமி ஓடிவந்து கோப்பைப் பிடுங்கி, "ஐயா, இதை நான் கொதிக்க வச்சிருறேங்க, உசிரோட விளையாடாதீங்க!" என்றான்.

"தொடாதை! சான்றுப் பொருளைக் கழுவினால் உன்னை வேலையால நிப்பாட்டுவன்!" என்றார் டாக்டர், பற்களைக் கடித்துக்கொண்டு.

கோப்பு கொழும்புக்குப் போயிற்று. மாரிசாமி காத்திருந்தான். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. ஜெயலெட்சுமி விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொழுந்து எடுத்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் மாரிசாமி அவளை விட்டுத் தள்ளிப் படுத்தான். தன் கோப்பையைத் தனியாக வைத்துக்கொண்டான்.

"என்ன, என்னைக் கண்டா ஒனக்கு அருவருப்பா?" என்றாள் அவள் ஒரு காலை.

"இல்லடி. என் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியல. தெரியிற வரைக்கும் பயமா இருக்கு."

"எப்பத் தெரியுமாம்?"

"பைல் வந்தா."

"எனக்குப் புள்ளை வந்துரும் போலருக்கு, ஒங்க பைலு வராது போலருக்கே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் பயம்தான். பயத்தை இப்படிக் கிண்டலாகத்தான் அவளுக்குச் சொல்லத் தெரியும்.

பங்குனியில் கோப்பு திரும்பி வந்தது. கொழும்பில் அது ஒன்பது பேரைக் குத்தியிருந்தது. அவர்களின் இருபத்தேழு தாள்களும் உள்ளே இருந்தன. இரத்தப் பரிசோதனைக்கான வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி. கூடவே ஐஸ் பெட்டி ஒன்றும் வந்தது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த தடுப்பு மருந்து, மூன்று குப்பி. ஆபத்துக்குள்ளான ஊழியர் ஒருவருக்கு முதல் நாள் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று கடிதம் சொன்னது.

குழு உடனே கூடியது.

"ஒராளுக்கு மூண்டோ?" என்று டாக்டர் கொதித்தார். "மற்றவை மனிசர் இல்லையோ? இது சமத்துவமான ஆஸ்பத்திரி. குழுவில மூண்டு பேர் இருக்கிறம், மூண்டு பேருக்கும் குத்தியிருக்கு, மருந்தும் மூண்டு. ஆளுக்கொண்டு!"

"ஐயா, அது என் பேருக்குத்தானே வந்துச்சு?" என்றான் மாரிசாமி.

"இது தடுப்பு மருந்தடா. உனக்குக் குத்தி ஐஞ்சு மாசமாச்சு. இனி உன்னில தடுக்க என்ன கிடக்கு?"

"புள்ளைக்காவது வச்சிருங்களேன், ஐயா. பொறந்ததும் போடலாம்னு அந்த டாக்குத்தர்..."

"பொறக்காத ஆளுக்குப் பைல் தொறக்க ஏலாது மாரிசாமி" என்றார் இப்றாஹீம், உண்மையிலேயே வருத்தத்தோடு.

குப்பி உண்டு, ஊசி? பன்னிரண்டில் எட்டு ஊசிகள் இதே போல வெவ்வேறு கோப்புகளில் ஏறிக் கொழும்பில் இருந்தன. மூன்று முறிந்துபோயின. மிச்சம் ஏழாம் நம்பர். அதனால் சில மாதங்களாகவே எங்கிருந்தாவது ஊசி கடன் வாங்கித்தான் வார்டு ஓடியது. டாக்டர் கோப்பிலிருந்து ஏழாம் நம்பரைத் தற்காலிகமாகக் கழற்ற உத்தரவிட்டார். கழுவக் கூடாது. மேல்தோட்டத்துக்காரனையும், மாரிசாமியையும், பியோனையும், கொழும்பின் ஒன்பது கனவான்களையும் குத்திய அந்த ஊசியால் மூவரும் ஒருவர் கையில் ஒருவர் மருந்தை ஏற்றிக்கொண்டார்கள். முனை மழுங்கிப்போயிருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டுதான் இறங்கியது. இரத்தம் முழங்கை வரை வழிந்தது. மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஏனென்றால் பாதுகாக்கப்பட்டுவிட்டார்கள். பிறகு ஊசியைக் கோப்பில் திரும்பக் குத்தி வைத்தார்கள்.

மாரிசாமி கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். கோபத்தில்தான் அழுதான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயலெட்சுமிக்கு வலி எடுத்தது. அதே ஆஸ்பத்திரி, அதே மேட்ரன். டாக்டர் அலுமாரிச் சாவியோடு பண்டாரவளைக்குப் போயிருந்தார். ஞாயிறாதலால் கடன் ஊசியும் கிடைக்கவில்லை. பிள்ளை பத்து மணிக்கு விழுந்தது, ஆண் பிள்ளை. பின்னாலேயே இரத்தம் வந்தது. நிற்கவில்லை. கட்டில் நனைந்து, பாய் நனைந்து, சிமெந்துத் தரையில் ஓடி, கதவடியில் நின்ற மாரிசாமியின் வெறுங்காலைத் தொட்டது.

"ஊசி! ரத்தம் நிக்கிறதுக்கு ஊசி போடோணும்!" என்று கத்திக்கொண்டு மேட்ரன் காரியாலயத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் கோப்பை அணைத்துக்கொண்டு வந்தார். அதன் நெஞ்சில் ஏழாம் நம்பர், துருவும் காய்ந்த இரத்தமுமாக நின்றது. பிரசவக் கட்டிலின் ஓரத்தில் கோப்பை வைத்து, ஊசியை உருவி, மருந்துக் குழாயில் மாட்டினார். அவர் கண்ணின் வெள்ளை மஞ்சளித்திருந்ததை மாரிசாமி அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தான்.

அவன் பாய்ந்து வந்தான். மேட்ரனின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. ஊசி தரையில் விழுந்தது. சாணைக்கல்லை எடுத்து வந்து அதை நசுக்கு நசுக்கென்று நசுக்கினான். பிறகு காரியாலயத்துக்குள் புகுந்து, கண்ணாடி அலுமாரியை முழங்கையால் ஒரே இடி. கண்ணாடி சரிந்து அவன் புயத்தைத் தோளிலிருந்து முழங்கை வரை கிழித்தது. புது ஊசிப் பொதியையும் ஒரு சோடி கையுறையையும் அள்ளிக்கொண்டு, சுவரெல்லாம் இரத்தம் தெறிக்க ஓடிவந்தான். தன் இரத்தம் படாமல் தூக்கிப் பிடித்த பொதியைப் பல்லால் கடித்துக் கிழித்து, வெறி பிடித்தவன் போல நின்றான்.

"இந்தாங்க புது ஊசி, கையுறை. குத்துங்க மிஸ்ஸி. இல்லாட்டி இன்னைக்கு இங்க ரெண்டு சாவு விழும்."

மேட்ரன் குத்தினார். கால் மணி நேரத்தில் இரத்தம் நின்றது. ஜெயலெட்சுமி கண்ணைத் திறந்து, "புள்ளை எங்க?" என்றாள்.

விசாரணை ஆனியில் நடந்தது. அரச கண்ணாடியை உடைத்தது, அரச ஊசியைக் கொன்றது, மேட்ரனின் கையில் அடித்தது. டாக்டர் நாற்காலியில் சரிந்திருந்தார், கண்கள் எலுமிச்சம்பழம். மேட்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்றாஹீம் அடிக்கடி வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். மூவரும் பாதுகாக்கப்பட்டவர்களாதலால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேசைமேல் கண்ணாடித் துண்டுகளும் கையுறைகளும் கழுவாமல், இருந்த நிலையிலேயே பரப்பி வைக்கப்பட்டிருந்தன.

"கண்ணாடியில் இருந்த இரத்தம் ஆருடையது எண்டு நிரூபிக்க, காயம் கட்டேக்க எடுத்த, எதிரியான மாரிசாமியின்ர இரத்தத்தோட கொழும்புக்கு அனுப்பினம்" என்றார் டாக்டர். "எட்டு நாளில அறிக்கை வந்திட்டுது."

மாரிசாமி நிமிர்ந்தான். ஐப்பசியிலிருந்து கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனது. குற்றம் என்றவுடன் எட்டே நாள்!

டாக்டர் வாசித்தார். "இரண்டும் ஒரே இரத்தப் பிரிவு. இரண்டிலும் பி வகைக் காமாலைக் கிருமி காணப்படுகிறது. ஆகவே கண்ணாடியை உடைத்தது மாரிசாமியே."

மாரிசாமிக்குக் காது அடைத்தது. அடுத்து வாசித்த வேலைநீக்கம் அவனுக்குக் கேட்கவில்லை. "அப்ப ஜெயலெட்சுமிக்கு? புள்ளைக்கு?" என்றான்.

"அவை இந்த விசாரணையில சம்பந்தப்படேல்லை."

இப்றாஹீம் கடமையில் மூழ்கியிருந்தார். கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று பிரதிகளோடு நூலால் கட்டினார். அவர் விரல்கள் அறுபட்டு இரத்தத்தில் தாள் நனைந்தது.

மாரிசாமிக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. "ஐயா, பக்கத்துலதான் கையுறை இருக்கு. போட்டுக்கிட்டு எடுங்கய்யா."

இப்றாஹீம் மஞ்சள் கண்ணால் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன மாரிசாமி, வெளங்காம பேசுறீங்க? அது சான்றுப் பொருள். தொட ஏலாது."

மாரிசாமி மேசையருகே போனான். கையுறைகள் இரண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வெளியே நடந்தான். மூவரில் ஒருவருக்கும் எழுந்து தடுக்கத் தெம்பில்லை.

லயத்து வாசலில் ஜெயலெட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அவன் அதைத் தொடவே இல்லை. காய்ந்த இரத்தம் உள்ளே போகும்படி கையுறைகளைப் புரட்டி மாட்டிக்கொண்டு, அவள் என்ன ஏதென்று கேட்கும் முன்பே, பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டான். தூக்கினால் ஒட்டுமா, ஒட்டாதா என்றுகூட அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை முழங்கை வரை ஏறிய அந்தத் தடித்த இறப்பரைப் பிடித்துச் சப்பப் பார்த்தது. அவன் விம்மி விம்மி அழுதான்.

மறுநாள் பியோன் கடிதம் கொண்டு வந்தான். சான்றுப் பொருளான ஒரு சோடி கையுறையைக் கழுவாமல், இருந்த நிலையிலேயே, மூன்று நாளைக்குள் ஒப்படைக்கவும்.

மாரிசாமி பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தான். கையுறைகளைச் சவர்க்காரம் போட்டு, விரல் விரலாக உள்ளும் புறமும் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, லயத்து வாசல் கொடியில் வெயிலுக்குக் காயப்போட்டான்.